வக்கீல் ஆபீஸ் படியேறும் முன்: சேலத்து குமாஸ்தா ஒருவரின் முழு வழிகாட்டி

அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ், அங்கே 22 வருஷமாக நான் குமாஸ்தா. எல்லாவிதக் கேஸும் எடுக்கிற ஆபீஸ். நிலத்தகராறு, செக் கேஸ், விவாகரத்து, ஜாமீன், ஆக்சிடென்ட் கிளைம், உயில், பாகப்பிரிவினை, பேங்க் லோனுக்கு லீகல் ஒப்பீனியன் என்று ஒரே சாயங்காலத்தில் ஆறுவிதமான ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சார் உள்ளே கூப்பிடும் முன் எல்லோரும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மஞ்சப்பையைப் பிரித்துக்கொண்டே "எங்க தாத்தா காலத்துலயே இந்த வரப்பு..." என்று ஆரம்பிப்பார்கள். நான் குறுக்கிட்டுக் கேட்பேன்: "பேப்பர் உங்க கைக்கு வந்த தேதி என்னங்க?"

அவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும் நாள் கடந்துபோனதால் கைவிரித்து அனுப்பப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இதில் சுற்றிச் சுற்றித் தேதி பற்றியே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை. உங்கள் கேஸில் என்ன செய்வது என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும், அவரிடம் எப்படிப் போவது, என்ன எடுத்துப் போவது, என்ன கேட்பது என்பது மட்டும் என் பாடம்.

முதல் படி: வக்கீல் தேவையா என்று பாருங்கள்

சார் இதைப் படித்தால் முறைப்பார், பரவாயில்லை. பட்டாவில் பெயர் எழுத்துப்பிழை, வாரிசுச் சான்று மாதிரியான வேலைகளுக்கு இ-சேவை மையமும் தாலுகா ஆபீஸும் போதும். (ஆனால் ஒன்று: தாசில்தார் தருவது வாரிசுச் சான்று, கோர்ட் தருவது வாரிசுரிமைச் சான்று. நாமினி போடாமல் இறந்தவரின் பேங்க் பணம் என்றால் பல நேரம் இரண்டாவதைத்தான் கேட்பார்கள், அதற்கு மனுப் போட வக்கீல் வேண்டியிருக்கும்.) வாங்கிய ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, கடைக்காரர் கையை விரிக்கிறார் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.

பணம் இல்லையே என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டம் தந்த உரிமை இது, யாரும் போடும் பிச்சை இல்லை. ஏற்காட்டு மலையாளி மக்கள் சேலம் மாவட்டப் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள், அப்படியென்றால் மலைமேல் இருக்கிற பெரும்பாலான குடும்பங்களுக்கு இது பொருந்தும். மலையிலிருந்து இறங்கி வந்து, கடன் வாங்கிய பணத்தை எங்களிடம் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கும், நானே ஆணைக்குழு அறையைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறேன். போனில் கேட்க 15100.

இரண்டாவது படி: தேதியை எண்ணுங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் ஒருநாள் வந்தார். சரக்கு அனுப்பிய வகையில் வாங்கிய செக், பணமில்லை என்று திரும்பிவிட்டது. பேங்க் தந்த மெமோவைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், நாலாய் மடித்து, மடிப்பில் எழுத்து அழிகிற அளவுக்கு. எதிராளி "அடுத்த வாரம் தந்துடறேன்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், இவரும் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறார். மெமோ வந்து அன்றோடு 34 நாள்.

செக் கேஸின் கணக்கு இதுதான். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அந்த 15 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். நீங்கள் எந்த பேங்க் கிளையில் கணக்கு வைத்து செக்கைப் போட்டீர்களோ அந்தக் கிளை எந்தக் கோர்ட்டின் எல்லையில் இருக்கிறதோ அங்கே போடலாம், எதிராளி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. முதல் 30 நாளைத் தவறவிட்டால் அந்த நோட்டீஸுக்கு மன்னிப்பே கிடையாது. புகார் போடுவதில் ஏற்படும் தாமதத்தைத் தகுந்த காரணம் சொன்னால் கோர்ட் மன்னிக்கலாம்.

கொலுசுக்காரருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. மறுபடி பேங்கில் போடச் சொன்னார் சார், மறுபடி திரும்பியது, புது மெமோ, புது 30 நாள். இப்படிச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. செக் காலாவதியாகியிருந்தால்? அப்புறம் சிவில் கோர்ட்டில் பணத்துக்குத் தாவா போடுவதுதான் மிச்சம், கோர்ட் ஃபீஸ் கட்டி.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செக் கேஸில் நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 15 நாளைக் கணக்கிட்டுவிட்டேன், அது கையில் கிடைத்த தேதியிலிருந்து எண்ண வேண்டியது. அவகாசம் முடியும் முன்பே புகார் போய்விட்டது. திரும்ப எடுத்து, புதிதாகப் போட்டு, தாமதத்தை மன்னிக்க மனு எழுதி என்று மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. அன்றிலிருந்து என் டைரியில் மூன்று தேதி தனித்தனியாக எழுதுவேன்: அனுப்பியது, கிடைத்தது, முடிவது. நீங்களும் அப்படியே எழுதுங்கள், குமாஸ்தாவையும் நம்பாதீர்கள்.

மற்றவை வேகமாக. புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம். அந்த மூன்று வருஷம் முடியும் முன் வாங்கியவர் ஒரு சிறு தொகை கொடுத்து, நோட்டின் பின்னால் தன் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டால் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடும், அதனால்தான் பழைய வட்டிக்கடைக்காரர்கள் நூறு ரூபாயாவது வாங்கி எழுதிக்கொள்வார்கள். கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்கு, கிரையம் முடிக்கக் குறித்த தேதியிலிருந்து மூன்று வருஷம். நிலத்தின் சுவாதீனம், அதாவது நிலத்தையே நம் கைக்குக் கேட்டு வழக்கு 12 வருஷம். சாலை விபத்து இழப்பீட்டு மனு, சட்டப்படி 6 மாதம். முன்பு இப்படி எல்லை இல்லாமல் இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து வந்துவிட்டது, இன்னும் பல பேருக்குத் தெரியவில்லை.

உங்கள் மேல் யாராவது வழக்குப் போட்டு சம்மன் வந்தால் பதறாதீர்கள், தபால்காரரைத் திருப்பி அனுப்பவும் செய்யாதீர்கள். வாங்க மறுத்தால் வாங்கியதாகவே வைத்துக்கொண்டு கேஸ் நடக்கும், நீங்கள் இல்லாமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். எதிருரை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதில் போட 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. ஒருதலைத் தீர்ப்பு வந்தேவிட்டது என்றால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, அந்தச் சமயத்தில் கெடு முடிந்தால் திறக்கிற முதல் நாள் போடலாம். ஆனால் அந்த முதல் நாள் கூட்டத்தில் ஃபைலிங் கவுன்டரில் நிற்பது யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது படி: பேப்பரோடு ஒரு தாள்

என்னிடம் வந்தவர்களிலேயே நன்றாகத் தயாராகி வந்தவர், ஏற்காடு நாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. மகளின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில் மகள் எழுதிக் கொடுத்திருந்தாள்: இடது பக்கம் தேதி, நடுவில் என்ன நடந்தது, வலது பக்கம் அதற்குப் பேப்பர் இருக்கிறதா இல்லையா. மொத்தம் 11 வரி. மாமனார் இறந்தது, மைத்துனர் வேலி போட்டது, வி.ஏ.ஓ. வந்து பார்த்தது, ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தது. சார் அதைப் படித்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் சரியாக விழுந்தது.

அதே மாதிரி ஒரு தாள் எழுதுங்கள். உங்களுக்குப் பாதகமான வரியையும் சேர்த்தே எழுதுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தது, கோபத்தில் அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாம். நீங்கள் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் சொல்லுவார், அப்போது உங்கள் வக்கீலின் முகத்தைப் பார்க்க முடியாது. வக்கீலிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது, அது அவர் தொழிலின் சட்டம்.

ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்டுங்கள், ஜெராக்ஸை விட்டுவிட்டுப் போங்கள். ஒரிஜினல் ஆபீஸில் இருக்க வேண்டும் என்றால் என்னென்ன தந்தீர்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப், ஆடியோ எல்லாம் இருக்கிற போனை மாற்றிவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன் என்று பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கியவர்கள் உண்டு.

நிலம், அதிலும் ஏற்காடு

எங்கள் ஆபீஸின் பாதி வருமானம் நிலம்தான், அதனால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம். நிலம் வாங்கும் முன் வக்கீலிடம் போனால் ஒப்பீனியன் ஃபீஸோடு முடியும். வாங்கிய பின் போனால் பத்து வருஷம்.

வக்கீல் கேட்பது: மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை எல்லாத் தொடர் ஆவணமும், குறைந்தது 30 வருஷ வில்லங்கச் சான்று (ஈ.சி.), பட்டா, சிட்டா, ஏ பதிவேடு (கிராமத்து நிலங்களின் பதிவேடு), எஃப்.எம்.பி. (நில அளவை) வரைபடம். பதிவுத்துறை, வருவாய்த்துறை இணையதளங்களில் வில்லங்கமும் பட்டாவும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் "ஈ.சி. கிளியரா இருக்குங்க" என்று புரோக்கர் சொன்னதும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். உயில் எழுதி வைத்திருந்தால் ஈ.சி.யில் வராது. அந்த நிலத்தின் மேல் கேஸ் ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதிலும் வராது, விற்பவரின் பெயரைப் போட்டு கோர்ட்டுகளின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேட வேண்டும். வாரிசு ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினை ஈ.சி.யில் அழகாகத்தான் தெரியும். விட்டுப்போன ஆள் பெரும்பாலும் கட்டிக்கொடுத்த பெண்ணாகத்தான் இருப்பார். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகன்களோடு சம பங்கு வந்தது, 2005 மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் அப்பா எப்போது இறந்தார் என்பது ஒரு தடையில்லை என்று சொல்லிவிட்டது. "சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, பங்கு எதுக்கு" என்று இன்னமும் என் மேஜை முன்னாலேயே பேசுகிறார்கள். தங்கச்சியின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் போய்விட்டால் பவரும் போய்விட்டது. கிரைய ஒப்பந்தத்தை 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிப் பெட்டியில் வைக்காதீர்கள், 2012-லிருந்து இங்கே அதையும் பதிவு செய்ய வேண்டும். செலவுக் கணக்கு: முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 20 லட்ச ரூபாய் நிலத்துக்கு 1,80,000. பெண் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. எழுதிக் கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி மலை. சமவெளிக் கணக்கோடு ஏற்காட்டில் நிலம் வாங்கப் போகிறவர்கள்தான் கடைசியில் எங்கள் பெஞ்சுக்கு வருகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, குளிர்காற்று பட்டதும், மிளகுக்கொடியும் காபிச்செடியும் பார்த்ததும் மனசு இளகிவிடும், புரோக்கருக்கு அது தெரியும். வாங்கும் முன் நாலு விஷயம் கேளுங்கள். ஒன்று, மலையாளி மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலமா? நிபந்தனைப் பட்டா என்றால் அனுமதி இல்லாமல் வெளியாருக்கு விற்க முடியாது, மீறி வாங்கினால் பணமும் போகும், நிலமும் போகும். (சமவெளியில் பஞ்சமி நிலத்துக்கும், அதாவது பட்டியலின மக்களுக்கு அரசு கொடுத்த நிலத்துக்கும், இதே மாதிரி தலைவலி உண்டு.) இரண்டு, ஏற்காட்டு மலைக் கிராமங்கள் ஹாகா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் இருப்பவை. மனை பிரிப்பதோ ரிசார்ட் கட்டுவதோ என்றால் பஞ்சாயத்தில் ஒரு சீல் வாங்குவதோடு முடியாது. மூன்று, சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் வெட்டுவதற்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும், மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. நான்கு, வழி.

இந்த வழி விவகாரம்தான் மலையில் அதிகம். ஜீப்பில் கூட்டிப்போய் நிலத்தைக் காட்டுவார்கள், அந்த ஜீப் போன பாதை பக்கத்து எஸ்டேட்காரருடையதாக இருக்கும். பத்திரத்தில் "வழிநடை உரிமையுடன்" என்று ஒரு வரி இருக்கும், ஆனால் அந்த உரிமையைத் தர விற்பவருக்கே உரிமை இருக்காது. 20 வருஷம் தடையில்லாமல், அனுமதி கேட்காமல், உரிமையாக நடந்து வந்த பாதை என்று நிரூபித்தால் வசதியுரிமை கேட்கலாம், ஆனால் போன வருஷம் வாங்கியவர் அதை நிரூபிக்கப் பழைய ஆட்களைத் தேடி அலைய வேண்டும். எஃப்.எம்.பி.யில் பாதை வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாருங்கள் என்றால் நீங்களே போய், சர்வேயரோடு, கல்லைத் தொட்டுப் பாருங்கள்.

நான்காவது படி: வக்கீலைத் தேர்ந்தெடுப்பது

சேலத்தில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை, ராஜாஜியே 1900-இல் இந்த ஊரில்தான் தொழில் ஆரம்பித்தார். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டுகிறவரிடமும், "ஜட்ஜ் நமக்குத் தெரிஞ்சவர்" என்கிறவரிடமும் போகாதீர்கள். இதே மாதிரி கேஸ் நடத்தி முடித்த தெரிந்தவர் யாராவது சொன்னால் போங்கள், அவர் ஜெயித்தாரா என்பதோடு வக்கீல் போனை எடுத்தாரா என்றும் கேளுங்கள்.

பொதுவான கேஸ் பார்க்கிற ஆபீஸுக்கு ஒரு வசதி உண்டு. குடும்பத்தகராறு ஒன்று வந்தால் அதற்குள்ளேயே ஒரு பாகப்பிரிவினையும், ஒரு ஸ்டேஷன் புகாரும், ஒரு ஜீவனாம்ச மனுவும் இருக்கும், ஒரே இடத்தில் எல்லாம் பார்க்கலாம். ஹைகோர்ட் ரிட், ஜி.எஸ்.டி. மேல்முறையீடு, டிரேட்மார்க் மாதிரி விஷயங்களில் "இதுக்கு வேற ஆள் பாருங்க" என்று நேராகச் சொல்லுகிற ஆபீஸ் நல்ல ஆபீஸ். சேலத்துக்கு ஹைகோர்ட் சென்னைதான், மதுரை கிளை இல்லை.

ஐந்தாவது படி: முதல் சந்திப்பும் ஃபீஸும்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் யாருக்கும் காது கேட்காது. கேட்க வேண்டியவை: கேஸை நடத்தப் போவது சீனியரா ஜூனியரா, எதிர்த்தரப்புக்கு ஏற்கெனவே நீங்கள் ஆஜராகியிருக்கிறீர்களா, தோற்கிற வாய்ப்பு எங்கே இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு "ஜெயிச்சிடலாம் விடுங்க" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு வக்கீலையும் பாருங்கள்.

ஃபீஸைக் கேட்க வெட்கப்படாதீர்கள். மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா, அதில் டைப்பிங், ஜெராக்ஸ், சம்மன் பேட்டா, கமிஷனர் ஃபீஸ் எல்லாம் சேர்த்தியா தனியா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கோர்ட் ஃபீஸ் வேறு, வக்கீல் ஃபீஸ் வேறு. பணவசூல் தாவாவுக்குக் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், 10 லட்சத்துக்கு 30,000. 2017-க்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது, அதை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிடென்ட் கிளைமில் "வர்றதுல இவ்வளவு பர்சென்ட்" என்று பேசுவது ஊரில் சகஜம், ஆனால் கிடைப்பதில் பங்கு கேட்பது வக்கீல் தொழில் விதிக்கு எதிரானது. யாராவது கேட்டால் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

வக்காலத்தில், அதாவது உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்துப் போடும்போது படித்துப் பாருங்கள். சமரசம் செய்துகொள்ள, பணம் வாங்க, கேஸை வாபஸ் வாங்க என்று எல்லா அதிகாரமும் அதில் அச்சடித்தே இருக்கும். வேண்டாததை அடிக்கச் சொல்லலாம். வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வேண்டாம், எங்கள் ஆபீஸிலும் வேண்டாம்.

வீடும் ஸ்டேஷனும்

குடும்பக் கேஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இங்கே சட்டத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் சாதாரணமாக விவாகரத்து மனு போட முடியாது. இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருப்பு, அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடி, மிரட்டல், வீட்டைவிட்டுத் துரத்துவது என்றால் காத்திருக்காதீர்கள், 181-க்குப் போன், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், குடும்ப வன்முறைச் சட்டப்படி மனு. அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம், வீடு யார் பெயரில் இருந்தாலும்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார்தாரருக்கு நகல் இலவசம். போட மறுத்தால், மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர், ஏற்காடு, ஓமலூர்ப் பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி., அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறிவிட்டன. 420 என்று திட்டினால் இனி 318 என்று திட்ட வேண்டும். வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றால் மூன்று விவரம் கேளுங்கள்: எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, எத்தனை மணிக்கு. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் போக. ராத்திரி இரண்டு மணிக்கு வக்கீலுக்குப் போன் செய்யலாமா? இதற்கு மட்டும் செய்யலாம்.

ஆறாவது படி: கேஸ் ஓடும்போது

கேஸ் நம்பரோடு, கேஸுக்கென்று தனியாகத் தரும் சி.என்.ஆர். நம்பரையும் வாங்குங்கள், எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 16 இருக்கும். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். இதனால் எனக்கு வரும் போன் பாதியாகக் குறைந்தது என்பது வேறு விஷயம், வக்கீல் ஆஜரானாரா இல்லையா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வாய்தா வாய்தாவென்று போகிறதே என்ற கோபம் எல்லோருக்கும் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999-லும் 2002-லும் கொண்டுவந்த திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது வேறு யாருமில்லை, நம்ம சேலம் வக்கீல் சங்கம்தான். 2002-லும் 2005-லும் வந்த அந்தத் தீர்ப்புகளை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் 'சேலம் அட்வகேட் பார் அசோசியேஷன் கேஸ்' என்றுதான் படிக்கிறார்கள். எதிருரைக்கு 90 நாள் என்பதைத் தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் கோர்ட் தளர்த்தலாம் என்றதும், சமரசத்துக்கு அனுப்புவதற்கு ஒழுங்கான விதிகள் வர வழி செய்ததும் அந்தத் தீர்ப்புகள்தான். ஆக, கோர்ட்டில் சமரச மையத்துக்கு அனுப்பினால் "எங்களை ஏமாத்தப் பாக்கறாங்க" என்று முறுக்கிக்கொள்ளாதீர்கள், போய் உட்காருங்கள். ஒத்துவரவில்லை என்றால் கேஸ் அப்படியே திரும்பி வரும், அங்கே பேசியது கோர்ட்டுக்கு வராது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது, அதனால் கையெழுத்துப் போடும் முன் தொகையை இரண்டு தரம் படியுங்கள்.

வக்கீலை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மாற்றலாம். பழைய வக்கீலிடம் நோ அப்ஜெக்‌ஷன் வாங்கிப் புது வக்காலத்துப் போட வேண்டும். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை, உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள், மனுஷன் உழைத்திருக்கிறார்.

ஏழாவது படி: தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பன்றே நகல் மனு போடச் சொல்லுங்கள். அப்பீலுக்கு நாள் ஓட ஆரம்பித்துவிடும்: மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள், ஹைகோர்ட்டுக்கு என்றால் 90 நாள். நகல் தயாராக ஆகும் நாள்களைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் நகலுக்கு மனு போட்டிருந்தால்தான். ஜெயித்தவர்களும் சும்மா இருக்க முடியாது. பணமோ சுவாதீனமோ தானாக நடந்து வராது, நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவைக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு 12 வருஷம் இருக்கிறது என்பதால் பலர் மறந்தே போகிறார்கள், அதற்குள் எதிராளி சொத்தை நாலு கை மாற்றிவிடுவார்.

கடைசியாக, ஒரிஜினல்களைத் திரும்ப வாங்குங்கள். கோர்ட்டில் குறியீடு செய்த ஆவணங்களை அப்பீல் கெடு முடிந்தபின் மனு போட்டுப் பெறலாம். ஆபீஸில் கொடுத்ததை நீங்கள் வைத்திருக்கும் பட்டியலைக் காட்டி வாங்கலாம். எங்கள் பின்னறை இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், கேஸ் முடிந்து வருஷக்கணக்காகியும் யாரும் வாங்க வராத மூலப்பத்திரங்கள் ஒரு கட்டு இருக்கிறது, கரையான் வராமல் நான்தான் வேப்பிலை போட்டு வைக்கிறேன். எங்களிடம் எப்போதாவது கேஸ் நடத்தியவராக இருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்கள், அதில் உங்களுடையதும் இருக்கலாம்.